குலுங்காத பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தேன். என் தம்பி டேனியல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான். "எரியுதுக்கா" என்றான். காரம் கூடிவிட்டதோ என்று நானும் என் கணவரும் ருசி பார்த்தோம். எப்போதும் போலத்தான் இருந்தது. அவன் வாயைத் திறக்கச் சொல்லி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது.

அது வாய்ப் பூஞ்சை (எதிர்ப்புச் சக்தி குறையும்போது வாயில் படரும் தொற்று). டேனிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மருந்து தொடங்கி அப்போது ஓராண்டு முடிந்திருந்தது. அவனுடைய மருத்துவ அட்டையில் நான்காம் மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 'நூறு சதவீதம்' என்று எழுதியிருந்தது. ஒரு மாத்திரைகூட விடாமல் சாப்பிடுகிறான் என்று அதற்குப் பொருள். அப்படிச் சாப்பிடுகிறவனுக்கு ஓராண்டு கழித்து இது வரக் கூடாது.

வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த நூறு சதவீதம் என் கைவேலை. இந்த நோயோடும் போதையோடும் ஒரே சமயத்தில் மல்லுக்கட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நான் செய்ததை நீங்களும் செய்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கே செய்யத் தோன்றலாம். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு இரும்புலியூரில். டேனி என்னைவிட எட்டு வயது இளையவன், கல்யாணம் ஆகவில்லை, ஏசி மெக்கானிக். பெருங்களத்தூரில் புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், நான்காவது மாடிக்கு வெளியே யூனிட்டை மாட்டும்போது கால் தவறி, கீழ்த்தளத்துச் சன்ஷேடில் விழுந்தான். தோள்பட்டை நொறுங்கியது. உயிர் தப்பினானே என்று வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்துச் சாட்சி சொன்னோம்.

உயிர் தப்பியது. தோள்வலி தப்பவில்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் முதலில் சீட்டோடு வந்தன, பிறகு சீட்டில்லாமல் வந்தன, பிறகு ஊசி வழியாக அவன் உடம்புக்குள் போயின. யாரோடு, எங்கே என்பதெல்லாம் இப்போது தேவையில்லை. ஊசியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது மட்டும் தேவை. கையில் வந்த சீழ்க்கட்டியைக் கீறுவதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது.

அப்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. டிரில்லிங் மெஷினைத் துடைத்துத் துணியில் சுற்றி வைக்கிறவன், பத்து பேர் குத்திய ஊசியைத் துடைக்காமல் தன் கையில் குத்திக்கொண்டான்.

அரசு மருத்துவமனை ஒன்றின் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கும் பிரிவு) பதிந்தோம். ஒரு பாட்டில், முப்பது மாத்திரை, நாளுக்கு ஒன்று. முப்பதாம் நாள் பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். ஆலோசகர் அதைத் திறந்து மீதியை எண்ணி, எத்தனை சதவீதம் சாப்பிட்டிருக்கிறார் என்று அட்டையில் எழுதுவார். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதுதான் வழக்கம் என்று வரிசையில் இருந்த பழைய நோயாளி ஒருவர் சொன்னார். எட்டரை மணிக்கு என் மொபைலில் அலாரம் வைத்தேன்.

எட்டரை மணிக்கு டேனி ஒன்று வீட்டில் இருக்க மாட்டான், இல்லையென்றால் இருந்தும் இருக்க மாட்டான். அது அவன் ஊசி போட்டுக் கிறங்கிக் கிடக்கும் நேரம் என்று எனக்குத் தெரிவதற்கே சில வாரம் பிடித்தது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேங்க்கா."

இந்த இரண்டு வரியையும் எத்தனை நாள் பேசியிருப்போம் என்று தெரியாது. கேட்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் கேட்பேன்.

மூன்றாவது மாதம் பாட்டிலில் பதினொன்று மீந்திருந்தது. ஆலோசகர் நல்ல பெண். மிரட்டவெல்லாம் இல்லை. "டேனியல் அண்ணா, பதினொண்ணு அப்படியே இருக்கே, என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார். அறைக்கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். டேனி எழுந்து வெளியே போய்விட்டான். வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, "இனிமே இங்க என்னை இட்டாராதக்கா. சாவறதா இருந்தா வூட்லயே சாவறேன்" என்றான்.

அடுத்த மாதம் அவனைக் கிளப்ப என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். என் கணவர் ஜெயசீலன் பொதுவாக எதிலும் வாய் திறக்காதவர். அவரே, "வாப்பா, நானும் கூட வரேன்" என்றார். பயனில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. பள்ளிக்கு ஆய்வாளர் வருகிறார் என்றால் முந்தின நாளே நோட்டுகளை வாங்கி, விட்டுப்போன பக்கங்களுக்கெல்லாம் சிவப்பு மையில் பழைய தேதி போட்டு வைப்போம். பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்ததா என்பது அப்புறம். நோட்டு சரியாக இருக்க வேண்டும். இருபது வருடம் அப்படி நோட்டுத் திருத்திய கை இது. பாட்டிலில் மீந்திருந்த ஒன்பது மாத்திரைகளை எடுத்து, அலமாரியில் விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு காலி சத்துமாவு டப்பாவில் போட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. மருந்தாயிற்றே.

"இந்த வாட்டி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வா" என்றேன். வந்தான். ஆலோசகர் காலி பாட்டிலைப் பார்த்துச் சிரித்து, "சூப்பர் அண்ணா" என்றார். அட்டையில் நூறு ஏறியது. அன்றைக்கு எனக்கிருந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அது மாதாந்திர வேலை ஆகிவிட்டது. கரண்ட் பில் கட்டுவதுபோல. அவனை விட்டுப் பிடித்தால் ஒருநாள் திருந்திவிடுவான், அதுவரை மருத்துவமனையில் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வோம் என்பது என் கணக்கு. மறுவாழ்வு இல்லத்தில் இரண்டு முறை முப்பது முப்பது நாள் வைத்தோம். வெளியே வந்த வாரமே பழைய இடத்துக்குப் போனான். எங்கள் சபையில் தெரிந்த ஒரு நர்ஸ், போதை மாற்றுச் சிகிச்சை (ஊசிக்குப் பதிலாக, நாக்கின் அடியில் கரையும் மாத்திரையைத் தினமும் செவிலியர் முன்னிலையில் கொடுப்பது) பற்றிச் சொன்னார். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? அதுக்கு அரசாங்கமே ஏற்பாடா?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். படித்தவள் என்ற திமிர். அவர் அதற்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வஞ்சிரம் குழம்பு.

மையத்து டாக்டர் இளம் பெண், கண்டிப்பானவர். வாயைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வைரல் லோடு (இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) பார்க்க எழுதிக் கொடுத்தார். முடிவு மோசமாக வந்தது. சிடி4 (உடம்பைக் காவல் காக்கும் அணுக்களின் எண்ணிக்கை) சரிந்திருந்தது. மூன்று மாதம் கூடுதல் கவனிப்பு, மாதாமாதம் ஆலோசனை, பிறகு மறுபடி சோதனை என்றார்.

நியாயமாக நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது பயந்துவிட்டான், இனிமேல் ஒழுங்காகப் போடுவான், மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் மீந்தது. அந்த மூன்று மாதமும் எடுத்தேன்.

இரண்டாவது சோதனை முடிவோடு உட்கார்ந்தபோது டாக்டரின் குரலில் கண்டிப்பு இல்லை. பாவம், எங்களுக்காக வருத்தப்பட்டார்.

"மாத்திரை எண்ணிக்கை ஒரு வருஷமா கரெக்டா இருக்கு. நீங்களும் கூடவே வரீங்க. அப்படியும் கிருமி குறையலைன்னா, இந்த மருந்து இவர்கிட்ட வேலை செய்யலைன்னுதான் நாங்க எடுத்துக்கணும். இரண்டாம் நிலை மருந்துக்கு மாத்தச் சொல்லி நிபுணர் குழுவுக்கு எழுதறேன்."

"அதுல என்ன வித்தியாசம் டாக்டர்?"

"நிறைய மாத்திரை, பக்கவிளைவும் கூட. அதுவும் கேக்கலைன்னா அதுக்கப்புறம் நம்ம கையில இருக்கிறது ரொம்பக் குறைவும்மா. பார்த்துத்தான் செலவு பண்ணணும்."

டேனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். நல்ல மருந்து ஒன்று, செய்யாத குற்றத்துக்காக அவன் கையை விட்டுப் போகப்போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே வார்த்தை என் வாயில் இருக்கிறது. "சரிங்க டாக்டர்" என்று சொல்லி எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மேல் பாய்ந்தேன். என் மேல் இருந்த கோபத்தை வைக்க வேறு இடம் இல்லை. "உனக்காக நான் எவ்ளோ பண்ணியிருப்பேன்! ஒரே ஒரு மாத்திரைடா, ஒரு வாய் தண்ணி. அதைக்கூட உன்னால முழுங்க முடியலையா?"

அவன் நிதானமாகத்தான் இருந்தான். அன்றைக்கு ஊசி போட்டிருக்கவில்லை.

"நீ எடுத்து வெக்கிறது எனக்குத் தெரியும்க்கா. சத்துமாவு டப்பால."

என் கண் அலமாரிப் பக்கம் போனது.

"மொத தபா பார்த்தப்போ உன்னாண்ட சண்டை போடலாம்னு நெனச்சேன். அப்பால யோசிச்சேன். அக்கா டீச்சரு, எல்லாம் தெரிஞ்சவ. அவளே எடுத்துப் போடறான்னா, இவன் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டா போல. அவளுக்கே நம்பிக்கை இல்ல. அப்ப நான் முழுங்கி மட்டும் இன்னா ஆவப்போவுது?"

அவன் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மாதாமாதம் செய்ததை, நான் அவனைக் கைகழுவிவிட்டதாக அவன் படித்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினேன். என் கணவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். பத்துப் பத்தாகப் பிரித்தோம். டேனியும் கை கொடுத்தான். நூற்று நாற்பத்தாறு. ஏறக்குறைய ஐந்து மாதம். பதினாறு மாதத்தில் ஐந்து மாதம் அவன் உடம்பில் மருந்தே இல்லை. அந்த நாட்களெல்லாம் வெள்ளை மாத்திரையாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன.

"நாளைக்கு இதை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார் என் கணவர்.

"திட்டுவாங்க" என்றேன். நாற்பத்து நான்கு வயதில் அதுதான் வாயில் வந்தது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். டாக்டர் முன்னால் டப்பாவை வைத்துத் திறந்து காட்டி, இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். பிறகு பேசியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"உங்க தம்பி பொய் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன் டீச்சர். ஊசி போடறவங்க எப்படி மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க கூட வந்து நிக்கறீங்க, சர்ச்சுக்குப் போற குடும்பம். உங்களை நான் எப்படிச் சந்தேகப்படறது? விட்டு விட்டு மருந்து போட்டா கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும். நிஜமாவே மருந்து வேலை செய்யாம போயிடும். அதைத்தான் நீங்க வளர்த்துக்கிட்டு இருந்தீங்க."

பிறகு டேனி பக்கம் திரும்பினார். "எப்போ ஊசி போடுவீங்க?"

ஓராண்டுக்கு மேல் அங்கே போய் வந்தும் இந்தக் கேள்விக்கு நாங்கள் வழியே விட்டதில்லை. பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டான் என்று முதல் நாளே நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"சாயந்தரம் ஏழு, ஏழரை" என்றான்.

"மாத்திரை?"

"எட்டரை."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "யார் சொன்னது எட்டரைன்னு? முன்னாடி இருந்த மருந்துக்குத் தலைசுத்தும், அதனால ராத்திரி போடச் சொல்லுவோம். இதுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. காலையில போடலாம். ஊசி போட்டுட்டு இருக்கறவருக்கு எட்டரை மணின்னா எங்கேருந்து தெரியும்?"

காலையில் போட்டிருக்கலாம். காலை ஏழு மணிக்கு அவன் என் சமையலறையில் நின்று என் கையால் காபி வாங்கிக் குடிப்பவன். அந்தப் பதினாறு மாதத்தில் வீட்டில் இருந்த நாளெல்லாம் குடித்தான். கப்போடு சேர்த்து ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: டாக்டரிடம் போதையை மறைத்தால், அவர் கொடுப்பது வேறு யாருக்கோ ஏற்ற வைத்தியமாக இருக்கும்.

நிபுணர் குழுவுக்கு எழுதியதை நிறுத்தி வைத்தார். அதே மருந்து, காலையில். கூடவே போதை மாற்றுச் சிகிச்சைக்கும் எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டப்பாவில் இருந்ததை இனி யாருக்கும் தர முடியாது, காற்றுப் பட்டுக் கெட்டிருக்கும் என்று அழிக்க வாங்கிக்கொண்டார்கள். சபையில் அந்த நர்ஸைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சருங்கன்னாலே அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. டேனி காலை ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு மாற்றுச் சிகிச்சை மையத்துக்குப் போகிறான். செவிலியர் முன்னால் நாக்கைத் தூக்கி, மாத்திரை கரையும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். பிறகு சட்டைப்பையில் இருக்கும் தன் எச்.ஐ.வி. மாத்திரையையும் அங்கேயே விழுங்குகிறான். சில நாள் போவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஊசி உண்டு. மறுநாள் காலையில் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். எனக்குக் கோபம் வரும். முன்பெல்லாம் அது எல்லாம் தெரிந்தவளின் கோபம். இப்போது என் பங்கையும் சேர்த்துக்கொண்டு வரும் கோபம், அதனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

வாய்ப் பூஞ்சை போய்விட்டது. வைரல் லோடு நன்றாகக் குறைந்திருக்கிறது, இன்னும் குறைய வேண்டும் என்கிறார் டாக்டர். மருந்து வேலை செய்கிறது. உயரத்தில் ஏற முடியாததால், சானடோரியம் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து ஏசி போர்டுகளைப் பழுது பார்க்கிறான். மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

எட்டரை மணி அலாரத்தை அழித்துவிட்டேன். ஆனாலும் அந்த நேரம் வந்தால் என் தாடை தானாக இறுகுகிறது. எதிரில் யாரும் இல்லாவிட்டாலும், 'போட்டியா' என்று கேட்க நாக்கு எழுகிறது. நோய் அவனுக்கு, ஆனால் அதன் நேரம் என் உடம்பில் ஏறியிருக்கிறது. மாதம் என்றால் முப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது எனக்கு மாதம் என்று ஒன்று இல்லை. காலை ஏழு மணி இருக்கிறது. அது முடிந்தால் அடுத்த ஏழு மணி.

போன வாரம் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாள். முந்தின நாள் மாலை டேனி பாட்டிலை என் கையில் கொடுத்தான். திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, குலுக்கினாலே தெரிந்தது. மூன்று. மூடியில் கை வைத்தேன். பழக்க தோஷம். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலை அப்படியே கைப்பைக்குள் வைத்தேன்.

காலையில் ஷேர் ஆட்டோவில் ஜி.எஸ்.டி. சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த மூன்றும் குலுங்கின. பக்கத்தில் இருந்த அம்மா ஒருமுறை என் பையைத் திரும்பிப் பார்த்தார். டேனி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சத்தம் கேக்குதுக்கா" என்றான்.

"கேக்கட்டும்டா" என்றேன். பையை இறுக்கிப் பிடிக்கவில்லை.